படத்துக்குப் பின்னால் ஒரு வரி

டிசைனர்: …அந்த வெப்சைட் பக்கத்தை மேனேஜருக்கு அப்படியே அனுப்பிட்டீங்களா? என் வரியை அழிக்கலையாக்கா?

டெஸ்டர்: மறந்துட்டேன்ப்பா.

டிசைனர்: அவர் படத்துக்கு என்ன எழுதியிருந்தேன்னு ஞாபகம் இருக்கா?

டெஸ்டர்: "வயித்துக்கு நேரா இருக்கிற பொத்தான் உயிரைக் கையில பிடிச்சிட்டு நிக்குது. சிரிப்பு யார்கிட்டயோ இரவல் வாங்கினது." நல்லாத்தானே எழுதியிருந்தே…

டிசைனர்: அது உங்களுக்காக எழுதினதுக்கா. உங்க கம்ப்யூட்டர் படிச்சுக் காட்டும், நீங்க சிரிப்பீங்க. அப்புறம் ஒழுங்கான வரியைப் போட்டு அனுப்புவோம். அதானே நம்ம வழக்கம்?

டெஸ்டர்: எதுக்குப் பதறுறே? அந்த வரி திரையில தெரியாது. என்னை மாதிரி கண்ணு தெரியாம, காதால படிக்கிறவங்களுக்குத்தான் கேக்கும். இங்க அப்படி நான் ஒருத்திதானே.

டிசைனர்: அப்புறம் ஏன், "உன் சீட்டுக்கே வரேன், இரு"ன்னு போன் பண்ணாரு? இந்த வாரம்தான் என்னை நிரந்தரமாக்கிறதா இருந்தாங்க… போச்சு. வீட்டுல என்ன சொல்லுவேன்?

டெஸ்டர்: முதல்ல தண்ணியைக் குடி… உஷ், வந்துட்டாரு.

டிசைனர்: உங்களுக்கு எப்படித் தெரி…

டெஸ்டர்: நாற்காலியில இடிச்ச சத்தம் கேக்கலை?

மேனேஜர்: தம்பி, என் சட்டைப் பொத்தான் இன்னும் உயிரோட இருக்கான்னு கொஞ்சம் பார்த்துச் சொல்லு.

டிசைனர்: சார்… அது வந்து…

மேனேஜர்: சிரிப்பு இரவலா?

டிசைனர்: மன்னிச்சிடுங்க சார். சும்மா விளையாட்டுக்கு… என் வேலை…

மேனேஜர்: உன்னை நிரந்தரமாக்குற ஆர்டர் என் மேசையிலதான் இருக்கு. எங்க கையெழுத்துப் போடறதுன்னுதான் தெரியலை.

டிசைனர்: சார்?

மேனேஜர்: எழுத்தெல்லாம் மங்கிட்டே வருதுப்பா. இனி தெளியாதுன்னு டாக்டர் சொல்லிட்டார். வீட்டுல மட்டும்தான் தெரியும். மேலிடத்துல சொல்லப் பயம்… ராத்திரி பகலா கம்ப்யூட்டர் படிக்கிற அந்தக் குரலைத்தான் காதுல மாட்டிக்கிட்டுக் கேக்கிறேன். இன்னிக்கு உன் வரி வந்துது பாரு, தனியா உட்கார்ந்து சிரிச்சேன். எவ்வளவு நாளாச்சு தெரியுமா அப்படிச் சிரிச்சு?

டிசைனர்: இத்தனை நாளா எங்களுக்குத் தெரியவே இல்லையே சார்.

மேனேஜர்: ஏம்மா, அந்தக் குரல் கடகடன்னு ஓடுது. நிதானமா பேச வைக்க முடியுமா?

டெஸ்டர்: முடியும் சார். உட்காருங்க, சொல்லித் தரேன். நாற்காலி நீங்க இடிச்ச இடத்துலயேதான் இருக்கு. மேலிடத்துல சொல்லும்போது நானும் கூட வரேன்.

டிசைனர்: அக்கா… உங்களுக்கு ஆச்சரியமாவே இல்லையா?

டெஸ்டர்: போன மாசத்துலேர்ந்து தினமும் இதே நாற்காலியில இடிக்கிறாரு. நான் போய்க் கேட்டா ஒத்துக்குவாரா? அதான் உன் வரியை அழிக்காம விட்டேன்.