தூக்கிப் பார்க்காத கம்பளம்

பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்குவதாக இருந்தால் மழை நாளில் போய்ப் பார்க்காதீர்கள், ஐயா. நனைந்த வண்டி எல்லாமே அழகாகத்தான் தெரியும். கீறல், மறுபூச்சு, வெயிலில் வெளுத்த இடம் எல்லாவற்றையும் தண்ணீர் மூடிவிடும். வெயில் நாளில் போங்கள். போனதும் முதலில் பானட்டின் மேல் கை வையுங்கள். சூடாக இருந்தால், நீங்கள் வருவதற்கு முன்பே எதற்காக இஞ்சினை ஓட விட்டாய் என்று விற்பவனைக் கேளுங்கள்.

உங்கள் மேசையில் ஸ்போர்ட்ஸ் கார் பத்திரிகை ஒன்று இருப்பதைப் பார்த்தேன். அதனால்தான் சொல்கிறேன்.

போலீஸ்காரராக இருந்தும் நீங்கள் மரியாதையானவர். காலையிலிருந்து ஒரே கேள்வியைத் திருப்பித் திருப்பிக் கேட்கிறீர்கள்: "ஏலத்துல அந்த வண்டியை உங்களையும் ஏமாத்தித்தானே வித்திருக்காங்க, மொமிகி சார்?" ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் நான் வீட்டுக்குப் போய்விடலாம் என்று தெரிகிறது. ஆனால் கும்மா மாவட்டத்தின் இந்த மலையடிவாரத்தில் முப்பத்தொரு வருடமாகப் பழைய கார் கடை வைத்திருக்கிறேன். கண்ணைக் கட்டிவிட்டாலும் கதவைச் சாத்தும் சத்தத்தை வைத்து வண்டி அடிபட்டதா இல்லையா என்று சொல்வேன். என்னை யாரும் ஏமாற்றவில்லை.

என் மனைவி இறந்த பிறகு கடையில் நானும் மகள் சிகுசாவும்தான். தொலைபேசியை அவள் எடுப்பாள், வண்டிகளை நான் பார்ப்பேன். மதியம் இரண்டு கிண்ணம் உடோன் நூடுல்ஸ், வாசலில் நின்றபடியே. ஒன்பது வருடம் அப்படிப் போயிற்று. அதில் எந்தக் குறையும் எனக்குத் தெரியவில்லை. அவளுக்கும் இருந்திருக்காது என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

பிறகு ஒகிட்சு வந்தான். நல்ல பையன்தான், ஐயா. வடக்கே ஹொக்கைடோ தீவில் ஒரு மாட்டுப் பண்ணையில் வேலை கிடைத்திருந்தது. கல்யாணம் செய்துகொண்டு இருவரும் அங்கேயே போய்விடுவதாகச் சொன்னார்கள்.

அன்று சமையலறைத் தரையில் நான் மண்டியிட்டு, நெற்றி தரையில் படக் கும்பிட்டேன். பெற்ற மகள் முன்னால்.

"எந்திரிங்கப்பா," என்றாள். "இப்படிப் பண்ணினா நான் போகாம இருந்துடுவேன்னு நினைக்கிறீங்க. அதான் எனக்குப் பயமா இருக்கு."

"ஒரு வருஷம் பொறுத்துப் போ."

"போன வருஷமும் இதையேதான் சொன்னீங்க."

அதன் பிறகு இரண்டு முறை எனக்கு நெஞ்சுவலி வந்தது. இரண்டாவது முறை ஆம்புலன்சில் அவள் என் கையைப் பிடிக்கவில்லை, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வலி உண்மையானதா என்று நீங்கள் கேட்கவில்லை. டாக்டரும் கேட்கவில்லை. எனக்கே இப்போது நிச்சயமாகத் தெரியவில்லை. ராத்திரியில் அவள் பெட்டி கட்டும் சத்தம் கேட்டால் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். மூச்சு வராது. அது நடிப்பில்லை.

கடையின் பின்பக்கம் ஒரு சிவப்பு வண்டி நின்றது. இரண்டே இருக்கைகள், நீள மூக்கு. அதை ஏலத்தில் எடுத்தது உதிரிபாகங்களுக்காக. இரண்டு விபத்து வண்டிகளின் நல்ல பாதிகளை நடுவில் ஒட்டவைத்துச் செய்தது அது. எங்கள் தொழிலில் அப்படியும் உண்டு. பளபளவென்று இருக்கும், நன்றாக ஓடும். ஆனால் எங்காவது இடித்தால், ஒட்டிய இடம் தாங்காது. பிரித்துப் போடத்தான் வைத்திருந்தேன்.

ஒகிட்சு அதைப் பார்த்துவிட்டான். பள்ளிக்கூடக் காலத்தில் அந்த மாடலின் படத்தைச் சுவரில் ஒட்டி வைத்திருந்தானாம். அப்படியானால் நீயே எடுத்துக்கொள் என்றேன்.

"அப்பா பாத்துக் கொடுக்கிற வண்டியிலயே கப்பல் ஏறப் போறோம்," என்றாள் சிகுசா. எத்தனையோ நாளுக்குப் பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தாள். மலையைத் தாண்டி நீகாட்டா துறைமுகம், அங்கிருந்து கப்பல். அதுதான் திட்டம்.

அவனுக்கு நானே எல்லாம் சொல்லிக்கொடுத்தேன். முன்சக்கரத்துக்கு மேலுள்ள தகட்டின் போல்ட்டுகளைக் காட்டினேன். பெயின்ட் உதிர்ந்திருந்தால் யாரோ கழற்றி மாட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம். டயர் உள்பக்கம் மட்டும் தேய்ந்திருக்கிறதா என்று பார்க்கச் சொன்னேன். பனிப்பிரதேசத்தில் ஓடிய வண்டியென்றால் சாலையில் போடும் உப்பு அடித்தகட்டைத் தின்றிருக்கும் என்றேன். கியர் பெட்டியில் மூன்றாவது கொஞ்சம் முரண்டு பிடிப்பதையும், இடது கதவில் இருந்த மறுபூச்சையும் நானாகவே சொன்னேன். சின்னக் குறைகளை ஒளிக்காத ஆளைப் பெரிய குறைக்காக யாரும் சந்தேகப்பட மாட்டார்கள்.

அவன் முட்டாள் இல்லை. பின்கண்ணாடியின் மூலையில் பொறித்திருந்த குறியைக் குனிந்து படித்தான்.

"இந்தக் கண்ணாடி மட்டும் வேற வருஷமா இருக்கே?"

"கல்லு பட்டு உடைஞ்சிருக்கும். மாத்தியிருக்காங்க," என்றேன். நான் சொன்ன ஒரே பொய் அது.

பிறகு டிக்கியைத் திறந்து கம்பளத்தின் ஓரத்தில் விரலை வைத்தான். தூக்கியிருந்தால் போதும். சாம்பல் நிறப் பசையும் அதற்கடியில் பற்றவைத்த கோடும் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்திருக்கும். நான் அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன், அவ்வளவுதான்.

அவன் கையை எடுத்துவிட்டான். இடுப்பை வளைத்து வணங்கினான்.

"மன்னிச்சுக்கோங்க. நீங்க கொடுக்கிற வண்டியை இப்படி நோண்டிப் பாக்கிறது மரியாதையில்ல." கொஞ்சம் தயங்கி, "அப்பா," என்றான். அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

சிகுசா அவன் முதுகில் தட்டினாள். "அட, பேச்சைப் பாரு! இனிமே தினமும் அப்பாவை ஐஸ் வெச்சே மயக்கிடுவான்."

வேறு யாரிடம் வாங்கியிருந்தாலும் அவன் கம்பளத்தைத் தூக்கியிருப்பான். பெண் கொடுப்பவரின் கையிலிருந்து வாங்கும்போது தூக்க மாட்டான். அது எனக்குத் தெரியும். நாங்கள் அப்படித்தான் வளர்க்கப்பட்டிருக்கிறோம்.

நாள்காட்டியில் நல்ல நாள் பார்த்து வண்டியைக் கொடுத்தேன். அன்றும் வெயில் அடித்தது. ஆனால் மலையின் அந்தப் பக்கம் மழை. ஒன்பதாவது வளைவில் பின்சக்கரம் வழுக்கி, வண்டி தடுப்பில் இடித்திருக்கிறது. வேகம் அதிகமில்லை என்று உங்கள் அறிக்கையே சொல்கிறது. முழு வண்டியாக இருந்தால் ஒரு நசுங்கலோடு போயிருக்கும். ஒகிட்சு அங்கேயே இறந்துவிட்டான். சிகுசாவுக்கு இடுப்புக்குக் கீழே உணர்வு இல்லை.

அவனைத்தான் குறிவைத்தேன், மகள் இடையில் சிக்கிக்கொண்டாள் என்று எழுதப் பார்க்கிறீர்கள். எழுதுவதற்கு அது சுலபம். ஆனால் அது இரண்டு இருக்கை வண்டி, ஐயா. மற்ற இருக்கையில் வேறு யார் உட்காருவார்கள்? கிளம்புவதற்கு முன்னால் அந்த இருக்கையை அவள் உயரத்துக்கு நான்தான் நகர்த்தி வைத்தேன். பெல்ட்டை இழுத்து, சரியாகப் பூட்டுகிறதா என்று மூன்று தடவை பார்த்தேன். அவள் உயிரோடு இருக்க வேண்டும். போகக் கூடாது. அவ்வளவுதான் நான் கேட்டது.

ஆஸ்பத்திரியில் கண் விழித்ததும் அவள் என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அப்பா, கம்பளத்துக்கு அடியில நீங்க பாத்தீங்கதானே?"

என் கடையில் வளர்ந்தவள் அல்லவா, எதைக் கேட்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். நான் அவள் போர்வையைச் சரிசெய்தேன். அவள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அதற்குப் பிறகு ஒரு மாதமாகப் பேசவில்லை. மருந்து அப்படித் தூக்கத்தைக் கொடுக்கிறது. பேசுவாள்.

கையெழுத்து எங்கே போட வேண்டும்? சீக்கிரம் முடித்துக்கொள்ளலாம். வெள்ளிக்கிழமை அவளை வீட்டுக்கு அனுப்புகிறார்கள். சக்கர நாற்காலி ஏற வாசல்படியை இடித்துச் சரிவு போட்டிருக்கிறேன், சிமெண்ட் இன்னும் காயவில்லை. என்னை ரொம்ப நாள் இங்கே வைத்துக்கொள்ளாதீர்கள், ஐயா. பாவம், அந்தப் பெண்ணுக்கு என்னை விட்டால் யாருமே இல்லை.