கம்பைலரில் பிழை இல்லை

புதுப் புத்தகம் வாங்கினால் முதல் வேலையாக அட்டை போட்டுவிடுவேன். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். ஆனால் அந்த ஒரு புத்தகத்துக்கு மட்டும் இதுவரை நாலைந்து அட்டை கிழிந்துவிட்டது. கம்பைலர் எழுதுவது எப்படி என்று சொல்லித் தருகிற தடிப் புத்தகம். மனிதர்கள் எழுதும் நிரலை இயந்திரத்துக்குப் புரிகிற மாதிரி மாற்றித் தருவதுதான் கம்பைலரின் வேலை என்பது, விசாரணை அதிகாரியான உங்களுக்கு இந்நேரம் தெரிந்திருக்கும். எங்கள் தொழிலில் எல்லார் மேசையிலும் அந்தப் புத்தகம் இருக்கும், பெரும்பாலும் கம்ப்யூட்டர் திரையைக் கொஞ்சம் தூக்கி வைப்பதற்காக. நான் அதைக் கடைசிப் பக்கம் வரை படித்தவன்.

ஆபீசில் எனக்கு 'எந்தப் பக்கம்' என்று பட்டப்பெயர். யார் என்ன சொன்னாலும், புத்தகத்தில் அது எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று கேட்பேன். கட்சி மாறுகிறவனுக்கு வைக்கிற பெயர் மாதிரி இருக்கிறதே என்று புதிதாக வருகிறவர்கள் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும்.

மருத்துவமனைகளில் ரத்தக் குழாய்க்குள் மருந்தைச் சொட்டுச் சொட்டாக ஏற்றும் பம்ப் எங்கள் கம்பெனித் தயாரிப்பு. ட்யூபில் காற்று வந்தால் பம்ப் நின்றுவிட வேண்டும், காற்று ரத்தத்தில் ஏறினால் உயிருக்கே ஆபத்து. அதற்கென்று ஒரு சென்சார், காற்று உண்டா இல்லையா என்பதை ஓர் இடத்தில் எழுதி வைத்துக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு சொட்டுக்கும் முன்னால் நிரல் அந்த இடத்தைப் போய்ப் பார்க்கும். நிரலை எழுதியவள் பம்ப் இன்ஜினியர், அதை இயந்திரத்துக்கு மாற்றித் தரும் கம்பைலரை எழுதியவன் நான். நல்ல பெண்தான், வாய் கொஞ்சம் நீளம்.

நிரல் தன் கையால் மாற்றாத ஒன்று தானாக மாறாது, அதை ஒருமுறை பார்த்தால் போதும். இது என் புத்தகம் கற்றுத் தந்த பாடம், அழகான பாடம். என் கம்பைலர் அதன்படி, காற்று உண்டா என்ற கேள்வியை ஆரம்பத்தில் ஒரே ஒரு தடவை கேட்டுவிட்டு, அந்தப் பதிலையே கடைசிவரை வைத்துக்கொண்டது. 'இது வெளியிலிருந்து மாறும், ஒவ்வொரு தடவையும் போய்ப் பார்' என்று கம்பைலருக்குச் சொல்வதற்கு ஒரு சொல் உண்டு. அந்தப் பெண் அதையும் மறக்காமல் எழுதியிருந்தாள். என்னிடமிருந்த பழைய பதிப்பில் அந்தச் சொல்லே கிடையாது. புத்தகத்தில் இல்லாத சொல்லுக்கு என் கம்பைலர் எதற்குக் காது கொடுக்க வேண்டும்? எங்கே கண்டாலும் தாண்டிப் போகும்படி நானே செய்து வைத்தேன். பம்பின் வேகம் கூடியது, முதலாளி கை குலுக்கினார்.

ஒருநாள் அவள் காலி மருந்துப் பையை மாட்டிய பம்பைக் கொண்டுவந்து என் மேசைமேல் வைத்தாள்.

“காத்துதான் போகுது, பாருங்க சார். பச்சை லைட் அப்படியே எரியுது.”

பார்த்தேன். என் கண்ணில் கோளாறு எதுவும் இல்லை. எந்தப் பக்கம் என்று கேட்டேன். சாப்பாட்டு நேரம் முழுக்க என் புத்தகத்தைப் புரட்டினாள், பாவம். பிறகு மூடி வைத்துவிட்டு, “இத எழுதினவரு பம்பையே பார்த்திருக்க மாட்டாரு சார்” என்றாள். எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. ஆனால் நான் குரலை உயர்த்துகிறவன் இல்லை. கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்கும் நிரல் எழுதுகிறாள் என்று முதலாளியிடம் சொன்னேன். அவளை வேறு பிரிவுக்கு மாற்றினார்கள். பம்புகள் மருத்துவமனைகளுக்குப் போயின.

அத்தான், அதாவது என் அக்காவின் கணவர், வயிற்றில் ஆபரேஷன் முடிந்து படுத்திருந்தார். கட்டிலுக்குப் பக்கத்தில் எங்கள் பம்ப். பழைய மாடல் ஒன்றும் கைவசம் இருக்கிறது, வேண்டுமானால் மாற்றித் தருகிறேன் என்று நர்ஸ் சொல்லியிருந்தாள்.

“இது உங்க கம்பெனி மெஷின்தானடா? நம்பலாமா?” என்றாள் அக்கா.

மாற்றச் சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். அந்தக் கேள்வி சுற்றி வளைத்து ஆபீசுக்கு வரும், வேறு பிரிவில் இருக்கிற ஒருத்தியின் காதிலும் விழும். “தாராளமா நம்பலாம்க்கா” என்றேன்.

சாயங்காலம் பை காலியானது. பம்ப் நிற்கவில்லை. அக்காதான் முதலில் கவனித்தாள்.

“டேய், ட்யூப்ல ஒண்ணுமே இல்லாத மாதிரி இருக்குடா. நர்ஸைக் கூப்பிடவா?”

“பச்சை எரியுதுல்ல. உக்காருக்கா.”

உட்கார்ந்தாள். என் பேச்சை அவள் தட்டியதே இல்லை. பம்பை நிறுத்தும் பட்டன் என் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. அழுத்தியிருந்தால் அந்தப் பெண் சொன்னதை நானே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகியிருக்கும். அத்தானுக்கு மூச்சு வாங்கத் தொடங்கியது. அப்போதும் விளக்கு பச்சையாகத்தான் எரிந்தது. நேர்த்தியான வேலை என்று ஒரு கணம் நினைத்தேன், மறைப்பானேன். அத்தான் நல்ல மனிதர். நான் முதன்முதலில் வேலைக்குப் போனபோது சட்டை எடுத்துக் கொடுத்தவர். எனக்கும் வருத்தம் உண்டு.

அப்புறம் நீங்கள் விசாரித்தீர்கள், அறிக்கை வந்தது. சாவுக்குக் காரணம், கம்பைலரில் யாரும் அறியாமல் இருந்துவிட்ட ஒரு பிழை. யார்மீதும் குற்றமில்லை. வேறொருவனாக இருந்தால் வாயை மூடிக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பான். எனக்கோ தூக்கம் போய்விட்டது. என் கம்பைலரில் பிழையாம். இத்தனை வருடத்தில் அப்படி ஒரு பேச்சு நான் வாங்கியதில்லை. அதனால்தான் யாரும் கூப்பிடாமல் நானாகவே வந்து உங்கள் எதிரில் உட்கார்ந்திருக்கிறேன். எழுதிக்கொள்ளுங்கள். கம்பைலர் நான் சொன்னதைத்தான் செய்தது, ஓர் எழுத்துகூடப் பிசகவில்லை. காற்று போகும் என்று எனக்கு முன்பே தெரியும். அது அத்தானுக்குள் போனதையும், அவர் செத்ததையும் தெரிந்தே பார்த்துக்கொண்டிருந்தேன். 'பிழை' என்ற அந்தச் சொல்லை மட்டும் தயவுசெய்து அடித்துவிடுங்கள்.

இன்னொன்று. திருத்திய அறிக்கையை அக்கா வீட்டுக்கு அனுப்ப வேண்டியதில்லை. அவளுக்குக் கம்பைலர் என்றால் என்னவென்றே தெரியாது. படித்தாலும் ஒன்றும் புரியாது.