பூக்கட்டிப் பார்த்த தூக்கு

உத்தமபாளையத்தில் கம்பம் பஸ் கிளம்பக் காத்திருந்தோம். எனக்கு முன் சீட்டில் பூக்கூடையோடு இருந்த அம்மாள், பக்கத்தில் இருந்த தன் மதினியிடம் சொன்னாள்:

“ஒருத்தனத் தூக்குல போடலாமா வேண்டாமான்னு பூக்கட்டிப் பாத்திருக்காக, மதினி.”

“யாரு?”

“நம்ம எம்.எல்.ஏ.தான். தூக்கை ஆயுளாக் கொறைக்கச் சொல்லிக் கவர்னருக்கு மனுப் போகுது. அதுல கையெழுத்துப் போடுங்கய்யான்னு அந்தப் பயலோட ஆத்தா கால்ல விழுந்துச்சு. அம்மன்கிட்டக் கேக்காம முடியாதுன்னுட்டாக. எடுக்குற பொட்டலத்துல வெள்ளப் பூ வந்தாக் கையெழுத்துப் போடுவாகளாம், செவப்பு வந்தா இல்லையாம்.”

“என்ன வந்துச்சு?”

“செவப்பு.”

“அம்மனே வேண்டாம்னா அவுக என்ன செய்வாக? அந்தப் பய வெட்டுனதுல ஒரு குடும்பம் தெருவுல நிக்குதுல்ல.”

“வெட்டுனான், இல்லேங்கல. சாகுற வரைக்கும் ஜெயில்லயே கெடக்கட்டும். தூக்குல போடணும்னா அத இந்த மனுசன் தன் வாயால சொல்லணும். அம்மன் தலையில போடக் கூடாது.”

“சாமி விசயத்துல அப்படிப் பேசாத.”

“அம்மன் கோயில்ல அந்தப் பூப்பொட்டலம் கட்டிக் குடுக்குறவளே நாந்தான் மதினி. எலெக்சன்ல நிக்கலாமான்னு அவுக கேட்டப்பவும் செவப்புதான் வந்துச்சு. அம்மனுக்கு என்னமோ கோவம்னு ஒரு கெடாவ வெட்டிட்டு, வெள்ள வர்ற வரைக்கும் என்னையத் திரும்பத் திரும்பக் கட்டச் சொன்னாக.”

பஸ் கிளம்பியது. மதினி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“நேத்துச் செவப்பு வந்ததும் கேட்டேன், இன்னொரு பொட்டலம் கட்டட்டுமான்னு. சாமி வாக்க ரெண்டாந்தடவ கேக்கக் கூடாதுன்னுட்டாக.”