பரவாயில்லை என்றால் நலமா?

அவைக்குத் தலைமை ஏற்று, எனக்கு முன் பேசியவர்களையெல்லாம் மணியடித்தே உட்கார வைத்த மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே! சுகாதார அதிகாரி அவர்களே! குடிநீர்ப் பொறியாளர் அவர்களே! அனுபவத்தால் பழுத்த பெரியோர்களே! பிள்ளையை இடுப்பிலும் கவலையை நெஞ்சிலும் சுமந்து வந்திருக்கும் தாய்மார்களே! நாற்காலி கிடைக்காமல் சுவரோரம் நிற்கும் தோழர்களே! உங்கள் குடும்ப டாக்டரின் வணக்கம்.

‘காமாலையை ஒழித்தோம்’ என்று என் தலைக்கு மேலே பேனர் கட்டியிருக்கிறார்கள். அதைப் பாராட்டிப் பேசத்தான் என்னை அழைத்தார்கள். பகலில் ஊசி போடுகிறவள், ஒழிந்த நேரத்தில் ஆராய்ச்சி செய்கிறவள், வாரம் ஒரு நாள் வானொலியில் உங்கள் உடல்நலம் பேசுகிறவள். இவள் சொன்னால் ஊர் நம்பும் என்று அழைத்தார்கள். ஆனால், பாராட்ட வந்தவள் பதறி நிற்கிறேன்! வாழ்த்த வந்தவள் வாயடைத்து நிற்கிறேன்!

என்ன ஐயா சிரிக்கிறீர்கள்? ‘வாயடைச்சதுக்கே இவ்வளவு பேச்சா’ என்கிறீர்களா? என் வீட்டுக்காரரும் இதையேதான் சொல்வார்.

நடந்தது உங்களுக்குத் தெரியும். போன மாதம் குடிநீர்க் குழாயில் சாக்கடை கலந்தது. வீட்டுக்கு வீடு காமாலை வந்தது. குழாயை அடைத்தார்கள், லாரியில் தண்ணீர் விட்டார்கள். பிறகு எல்லா வீட்டுக்கும் போன் போட்டு நலம் விசாரித்தார்கள். ‘அனைவரும் நலம்’ என்று முடிவு வந்தது. உடனே, மண்ணுக்குள்ளே எங்கே உடைப்பு என்று முழுதாகத் தேடாமலே, அடைத்த குழாயைத் திறந்துவிட்டார்கள். நான் பேசிக்கொண்டிருக்கும் இந்த நிமிடமும் அந்தத் தண்ணீர் உங்கள் வீட்டுக் குடத்தில் விழுந்துகொண்டிருக்கிறது.

அந்த முடிவை வானொலியில் சொல்லும்படி என்னைக் கேட்டார்கள். சொல்வதற்கு முன், போனில் பேசிய பதிவுகளை நான் கேட்க வேண்டும் என்றேன். பிறர் சொன்ன முடிவை அப்படியே விழுங்கமாட்டேன். ஆராய்ச்சி எனக்குத் தந்த கெட்ட பழக்கம் அது. நேற்றுக் காலை சுகாதார அலுவலகத்தில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். நான் கேட்டதை நீங்களும் கேளுங்கள்!

“உடம்பு எப்படிங்க இருக்கு?” “பரவாயில்லைங்க.” நலம் என்று பதிவாகியிருக்கிறது. “உங்களுக்குங்க?” “ஏதோ பரவாயில்லை.” அதுவும் நலம்! “வீட்டுல எல்லாரும்?” இருமல், பெருமூச்சு, அப்புறம், “பரவாயில்லைம்மா, வெச்சிடட்டுமா?” அதுவும் நலமாம்!

போன் செய்த பெண்ணிடம் கேட்டேன், “ஏம்மா, இவங்களை எப்படி நலம்னு போட்ட?”

“அவங்கதானே டாக்டர் சொன்னாங்க? பரவாயில்லைன்னா நல்லா இருக்குன்னுதானே அர்த்தம்? ஸ்கிரீன்ல நலம், நோய்னு ரெண்டு கட்டம்தான் இருக்கு. நான் வேற எங்க போடறது?”

அந்தப் பெண்மேல் எனக்குக் கோபமில்லை. நம் மொழியை இரண்டு கட்டத்தில் அடைத்த மேதைகள்மேல்தான் கோபம்! பரவாயில்லை என்ற சொல்லுக்கு ஒரு முகமா? பேருந்தில் உங்கள் காலை ஒருவன் மிதிக்கிறான். ‘பரவாயில்லை’ என்கிறீர்கள். வலிக்கவில்லை என்றா பொருள்? வலிக்கிறது, பொறுத்துக்கொள்கிறேன் என்றல்லவா பொருள்? மனைவி சமைத்ததைப் பரவாயில்லை என்று சொல்லிப் பாருங்கள், அன்று முழுக்க உங்களுக்குப் பட்டினிதான்! கேட்கத்தான் ஆள் இல்லை, கிடக்கிறேன் என்பதற்கும் அதே சொல்தானே, தாய்மார்களே!

அந்தப் பதிவுகளில் ஒரு குரல் எனக்குத் தெரிந்த குரல். என்னிடம் மருத்துவம் பார்க்கும் தையல்காரரின் மனைவி, நிறைமாதக் கர்ப்பிணி. “பரவாயில்லைங்க. சோத்தைப் பார்த்தாலே குமட்டுது. மாசமா இருந்தா அப்படித்தான்னு அத்தை சொல்றாங்க.” அதற்கும் நலம் என்றே போட்டிருந்தார்கள்!

ஓடினேன். தையல் இயந்திரத்துக்குப் பக்கத்தில், வெட்டிய துணிகளுக்கு நடுவே, சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். “கண்ணைக் காட்டும்மா” என்றேன். கணவர் குறுக்கே வந்தார். “பல்பு வெளிச்சம் டாக்டர், எல்லாமே மஞ்சளாத்தான் தெரியும்.” ஜன்னலைத் திறந்து பார்த்தேன். பகல் வெளிச்சத்திலும் கண் மஞ்சள்தான். காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள் என்பார்கள். இந்த ஊரிலோ மஞ்சள் கண்ணே யார் கண்ணுக்கும் படவில்லை!

மற்றவரைப் படுக்க வைக்கும் காமாலை, கர்ப்பிணியிடம் உயிரையே கேட்கும். அவள் இப்போது தீவிர சிகிச்சையில் இருக்கிறாள். கூப்பிட்டால் கண் திறக்கவில்லை. தாயா, பிள்ளையா, இருவருமா, யார் மிஞ்சுவார்கள் என்று சொல்ல எனக்குத் தெரியவில்லை.

தலைவர் மணியடிக்கிறார். அடியுங்கள் ஐயா, ஊர் விழித்துக்கொள்ளட்டும்! அதிகாரி ஏதோ சொல்கிறார். ‘அது ஒரே ஒரு கேஸ்’ என்கிறாரா? ஒரே ஒரு கேஸா? இதோ, உங்கள் முன்னாலேயே கேட்கிறேன். எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்கமாட்டேன், காமாலையின் அடையாளத்தைக் கேட்கிறேன். பெரியோர்களே, தாய்மார்களே, கூச்சப்படாமல் சொல்லுங்கள்: இந்த வாரம் யாருக்கெல்லாம் சிறுநீர் பால் விடாத டீ நிறத்தில் போகிறது? கை தூக்குங்கள்!

ஒன்று… அங்கே ஒன்று… சுவரோரம் எத்தனை கைகள்! ஐயோ, இத்தனை பேரா! முன்வரிசையில் ஒரு கை. அம்மா, நீங்கள் பொறியாளர் ஐயாவின் துணைவியார் அல்லவா?

“ரெண்டு நாளா இப்படித்தான் டாக்டர். இவரு விழா வேலையா அலைஞ்சிட்டிருந்தாரு. எதுக்குச் சொல்லணும்னு விட்டுட்டேன்.”

பொறியாளர் ஐயா, எழுந்துவிட்டீர்களே… என்ன சொல்கிறீர்கள்? வால்வு சாவி வண்டியில் இருக்கிறதா? ஓடுங்கள் ஐயா! பாராட்டைப் பிறகு வைத்துக்கொள்ளலாம், முதலில் குழாயை மூடுங்கள்! அவருக்கு வழி விடுங்கள், வழி விடுங்கள்!

இனி நான் பேச ஒன்றுமில்லை. பொறுமையாகக் கேட்ட உங்களுக்கு நன்றி, பேசவிட்ட தலைவருக்கும் நன்றி, அனைவருக்கும் வணக்கம். கை தூக்கியவர்கள் அப்படியே வரிசையாக மேடைக்கு வாருங்கள். மாசமாக இருப்பவர்கள் முதலில்.