பெண் பார்க்கப் போன ஆக்சிஜன் மெஷின்

தங்கையன்: ...அதில்ல ரோஸே. வீட்டுல சும்மா கிடக்கிற ஆக்சிஜன் மெஷின், பெண்ணு வீட்டுல வச்சு மட்டும் எதுக்கு அப்படிக் கத்திச்சு?

ரோஸ்: மூக்கு வழியா மூச்சு எடுக்காம பேசிட்டே இருந்தா கத்தும். டாக்டர் சொன்னாருல்லா? பீப் கேட்டா வாயப் பூட்டிட்டு மூக்கால இழுக்கணும்.

அனில்: அப்பா வாயப் பூட்டி நான் இன்னைக்குத்தான் பாக்கேன்.

தங்கையன்: நீ ரோட்டப் பாத்து ஓட்டுலே. வித்துரா ரோடு பூரா வளைவாக்கும்.

ரோஸ்: அவன் சொன்னதுல என்ன தப்பு? போன மாசம் கழக்கூட்டம் ஊருக்குப் பெண்ணு பாக்கப் போனப்போ என்ன செய்திய? பெண்ணுக்க அப்பா ஒரு மரியாதைக்கு, 'இது என்ன மெஷின்'னு கேட்டாரு...

தங்கையன்: கேட்டா சொல்லாண்டாமா?

ரோஸ்: சிலிண்டர்ல தொடங்கி, வீட்டுல வைக்கிற பெரிய மெஷின், ராத்திரி போடுற மாஸ்க், தோளுல தூக்குற இது...

அனில்: மாஸ்க்க அவரு மூஞ்சில மாட்டியும் காட்டியாச்சு.

தங்கையன்: அளவு கரெக்டா இருந்துதுல்லா!

ரோஸ்: அதோட அந்த சம்பந்தம் போச்சு.

தங்கையன்: இன்னைக்குப் பாத்த பெண்ணு ஆர்ஷாக்க அப்பாகிட்ட, எனக்க சளிக்க நிறத்தப் பத்தி மெல்ல ஆரம்பிச்சேன்...

அனில்: பீப்!

தங்கையன்: சரி, பீடி விட்ட கதையாவது சொல்லலாம்னு...

அனில்: பீப்!

தங்கையன்: பிரியாணி நல்லாருக்குன்னு சொன்னதுக்குமா பீப்?

ரோஸ்: அது... அது கை தவறி... சும்மா இருங்க, போன் வருது. ஆர்ஷாக்க அம்மையாக்கும்... ஹலோ... ஆமா... ஆமா, அவரு எப்பவுமே அப்படித்தான்... ஸ்தோத்திரம்! போன வைக்கேன்.

அனில்: அம்மா... என்னவாம்?

ரோஸ்: சம்மதமாம் மக்களே! அப்பா ரொம்ப அடக்கமான மனுஷனாம், அவியளுக்கு ரொம்பப் பிடிச்சு போச்சாம்.

தங்கையன்: ஆரு, நானா?

அனில்: மெஷினுக்கு ஒரு மாலை போடணும்ப்பா.

தங்கையன்: மெஷினுக்கு எதுக்கு? அம்மைக்க பேக்குக்குப் போடு.

ரோஸ்: என்ன... என்ன சொல்லுதிய?

தங்கையன்: மெஷின் எனக்க மடியில இருந்துது. சத்தம் ஒனக்க பேக்குலேருந்து வந்துது. போன்ல பதிஞ்சு வச்சிருக்க, இல்லியா?

ரோஸ்: தெரிஞ்சிருந்தா பின்ன எதுக்கு ஒவ்வொரு தடவையும் வாயப் பூட்டினிய?

தங்கையன்: பீப் அடிக்கும்போ எல்லாம் பக்கத்துல வந்திருந்து முதுகத் தடவித் தந்தியேடி... அத விட்டுட்டு எவனாவது சளிக்க கதை சொல்லுவானா?