ஏலமலைக் கோப்பையின் முடியாத ஆட்டம்

மேடையில் அமர்ந்திருக்கும் ஏலக்காய் வியாபாரிகள் சங்கத் தலைவர் சின்னச்சாமி அவர்களே, தவசி அண்ணனின் துணைவியார் ஒச்சம்மாள் அண்ணி அவர்களே, மலைமேல் எஸ்டேட்டுகளிலிருந்து ஜீப்பு பிடித்து இறங்கி வந்திருக்கும் தாய்மார்களே, தேவாரத்திலிருந்தும் சிலமலையிலிருந்தும் சோலியைப் போட்டுவிட்டுத் தவசி அண்ணனின் இந்த நினைவுக் கூட்டத்துக்கு வந்திருக்கும் பெரியோர்களே, உங்கள் எல்லோருக்கும் வணக்கம்.

என் பெயர் பாண்டியம்மாள். சிலமலையில் பி.டி. டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். ஆனால் போடி ஊரே என்னை "நாற்காலி டீச்சர்" என்றுதான் சொல்லும். ஏலமலைக் கோப்பை டென்னிஸ் போட்டி நடந்த அத்தனை வருடமும் வலைக்குப் பக்கத்தில் உயரமான நாற்காலியில் நடுவராக உட்கார்ந்திருந்தவள் நான். என்னை அதில் உட்கார வைத்தவர் தவசி அண்ணன். "ஆம்பளைங்க ஆடுற ஆட்டத்துக்குப் பொம்பளை நடுவரா?" என்று கமிட்டியில் ஒருவர் கேட்டார். அண்ணன் என்ன சொன்னார் தெரியுமா? "பந்து கோட்டுக்கு உள்ள விழுந்துச்சா, வெளிய விழுந்துச்சான்னு பாக்கத்தானய்யா ஆளு வேணும்? அதுக்கு மீசை எதுக்கு?" என்றார்.

வாசலில் ஒரு பிளெக்ஸ் வைத்திருக்கிறீர்கள். "நின்றுபோன ஏலமலைக் கோப்பையின் நிறுவனர்" என்று அதில் போட்டிருக்கிறது. நின்றுபோனது என்று யார் சொன்னது? நடுவரைக் கேட்டீர்களா? உள்ளே வரும்போதே எனக்குக் கோபம் வந்துவிட்டது. அந்தக் கோபத்தோடுதான் பேசுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வெளியூரில் இருந்து வந்திருப்பவர்கள் கேட்பார்கள், போடியில் எதற்கு உள்ளரங்க டென்னிஸ் என்று. நம் ஊர் ஆடிக்காற்று அவர்களுக்குத் தெரியாது! சர்வீஸ் போடப் பந்தைத் தூக்கிப் போட்டால் சிலமலையில் போய்ப் பொறுக்க வேண்டும். மதுரையில் படிக்கும்போது டென்னிஸ் பழகிய தவசி அண்ணன், ஊருக்கு வந்து மட்டையைக் கையில் வைத்துக்கொண்டு இந்தக் காற்றோடு சண்டை போட்டுப் பார்த்தார். முடியவில்லை. ஒரு நாள் தன் கிட்டங்கிக்குள், ஏலக்காய் மூட்டை அடுக்கும் குடோனுக்குள், நுழைந்தார். பழைய ஏலக்காய் எல்லாம் லோடு ஏறிப் போயிருந்தது, புதுக் காய் இன்னும் மலையை விட்டு இறங்கவில்லை. நடுவில் தூண் இல்லாத நீளமான கிட்டங்கி அது, மேலே உயரமான தகரக் கூரை. "ஏலக்காய் இல்லாத நேரத்துல இது சும்மாதான கெடக்கு?" என்றார். ஏலமலைக் கோப்பை அங்கேதான் பிறந்தது.

முதலில் நம் பக்கத்துப் பிள்ளைகள் ஆடினார்கள். பிறகு சென்னை, பெங்களூர் என்று ஆட்களை வரவழைத்தார். அப்புறம் எத்தனை வாசல் ஏறி இறங்கினாரோ, உலகத் தரவரிசைக்குப் புள்ளி தரும் தொழில்முறைப் போட்டியாகவே அதை ஆக்கிவிட்டார். நம் போடியில்! அர்ஜென்டினாக்காரனும் செர்பியாக்காரனும் பஸ் ஸ்டாண்டில் நின்று ஆட்டோவுக்குப் பேரம் பேசியதை இந்தக் கண்ணால் பார்த்தேன்.

அந்த முதல் தொழில்முறை ஆட்டத்தில் நாம் செய்த கூத்தை மறந்துவிட்டீர்களா? ஏலக் கூடத்தில் சாம்பிள் காயைக் கையில் அள்ளிப் பார்ப்போம். விலை முடிந்ததும் அப்படியே தரையில் கொட்டிவிடுவோம். அது நம் தொழில் வழக்கம். அன்றைக்கு முன்வரிசை முழுக்க வியாபாரிகள், ஒவ்வொரு சட்டைப் பையிலும் ஒரு பிடி காய். ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டே அதைக் கையில் எடுத்து உருட்டிக்கொண்டிருந்தவர்கள், ஒரு பாயிண்ட் முடிந்ததும் பழக்க தோஷத்தில் தரையில் விட்டெறிந்துவிட்டார்கள்! அர்ஜென்டினாக்காரன் அதில் கால் வைத்து மல்லாக்க விழுந்தான். மேற்பார்வைக்கு வந்திருந்த வெளிநாட்டு அதிகாரி, தரை சரியில்லை, போட்டியை நிறுத்துகிறேன் என்று எழுந்துவிட்டார்.

தவசி அண்ணன் யாரையும் திட்டவில்லை. விளக்குமாற்றை எடுத்து ஆடுகளத்தைக் கூட்ட ஆரம்பித்தார். வெள்ளை வேட்டி கட்டிய வியாபாரிகள் ஒருவர் பின் ஒருவராக எழுந்து போய்க் கூட்டினார்கள். "முன்வரிசை வேணும்னா கூட்டிட்டு உக்காரு" என்பது அன்றிலிருந்து கிட்டங்கிச் சட்டமானது. கோடி ரூபாய்க்கு ஏலம் கேட்கிறவர்கள் வரிசையில் நின்று தரை கூட்டிய டென்னிஸ் போட்டி வேறு எங்கே நடந்தது? சொல்லுங்கள் பார்ப்போம்! அந்த அதிகாரியும் கடைசி நாளன்று முன்வரிசைக்கு ஆசைப்பட்டுத் தானே கூட்டினார்.

இனி அந்தக் கடைசி வருடத்துக்கு வருகிறேன். இறுதியாட்டத்தில் ஒரு பக்கம் தேவாரத்து வினோத்குமார், மறுபக்கம் கட்டப்பனை அனீஷ். மலைக்கு இந்தப் பக்கம் ஒருவன், அந்தப் பக்கம் ஒருவன். கிட்டங்கி கொள்ளாத கூட்டம். ஆளுக்கு ஒரு செட். மூன்றாவது செட்டில் ஆளுக்கு மூன்று கேம். வினோத் சர்வீஸ் போடப் பந்தை மேலே தூக்கிப் போட்டான். மட்டை பந்தைத் தொடவில்லை. அதற்குள் ஆடிக்காற்று கூரைத் தகரத்தைப் பிய்த்துக்கொண்டு போய்விட்டது! சாரல் உள்ளே இறங்கி ஆடுகளம் குளமாகிவிட்டது. மறுநாள் இருவருக்கும் வேறு ஊரில் போட்டி, போயே ஆக வேண்டும். இருவரையும் கூட்டாக வென்றவர்கள் என்று அறிவித்துவிடலாம் என்றார்கள். அண்ணன் சம்மதிக்கவில்லை. "ஆட்டம் முடிஞ்சாத்தான் கோப்பையில பேரு" என்றார்.

கூரையை மறுவருடமே சரிசெய்துவிட்டார். ஆனால் ஒரு வருடம் வினோத்துக்குத் தோள்பட்டை ஆபரேஷன், அடுத்த வருடம் அனீஷ் வளைகுடாவில் பயிற்சியாளர். ஒருவன் வந்தால் மற்றவன் இல்லை. அதற்குள் நகரத்து நிறுவனம் ஒன்று வந்து, போட்டியை எங்களிடம் கொடுங்கள், ஏ.சி. அரங்கத்தில் நடத்துகிறோம் என்று கேட்டது. கொடுத்துவிடலாம் என்று கமிட்டியே சொன்னது, நானும் சொன்னேன். அண்ணன் கேட்டது ஒரே கேள்விதான். "ஏலத்துல ஒரு லாட்டுக்கு விலை முடியாம அடுத்த லாட்டக் கூப்பிடுவமா? இங்க ஒரு ஆட்டம் பாதியில கெடக்கு. அத முடிக்காம அடுத்த போட்டிய எப்படிக் கூப்பிடுறது?" பிடிவாதம் என்றார்கள். ஆமாம், பிடிவாதம்தான்! அந்தப் பிடிவாதத்தில் போட்டி போனது, புள்ளி போனது, வெளிநாட்டு ஆட்கள் வருவதும் நின்றது. இருந்தாலும் ஒவ்வொரு ஆடிக்கும் கிட்டங்கியைக் காலி செய்து, கோடு போட்டு, வலை கட்டி வைத்தார். இந்த வருடமாவது இருவரும் வருவார்களா என்று பார்த்துக்கொண்டே இருந்தார். பார்க்காமலே போய்விட்டார். அதை நினைத்தால்தான் எனக்கு மனசு ஆறவில்லை.

அண்ணனைத் தூக்கிய அன்று பாடையின் முன்பக்கம் இரண்டு பேர் தோள் கொடுத்தார்கள். முகத்தைப் பார்த்த பிறகுதான் யாரென்று எனக்குப் புரிந்தது. வினோத்தும் அனீஷும். ஒருவனுக்குத் தொப்பை, ஒருவனுக்கு வழுக்கை. காடு போய்த் திரும்பி வந்ததும் இருவரையும் நிறுத்தி, பாதியில் கிடக்கும் ஆட்டத்தை முடித்துத் தருவீர்களா என்று கேட்டேன்.

"டீச்சர், முட்டி போச்சு. ஓட முடியாது. ஆனா ஆடுறேன்" என்றான் வினோத்.

"சேச்சி, ஞான் வராம்" என்று மலையாளத்திலேயே வருவதாகச் சொன்னான் அனீஷ்.

ஒச்சம்மாள் அண்ணியிடம் போய்ச் சொன்னேன். அழுதுகொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்து, "ஆடி பொறக்கட்டும். கிட்டங்கிய நான் காலி பண்ணி ஒழிச்சுத் தர்றேன். நீ வந்து நாற்காலியில ஏறு ஆத்தா" என்றார்.

எனவே, இந்தச் சபையின் முன்னால் உறுதி சொல்கிறேன். வருகிற ஆடி முதல் ஞாயிற்றுக்கிழமை தவசி அண்ணன் கிட்டங்கியில் ஏலமலைக் கோப்பையின் இறுதியாட்டம் தொடரும். புள்ளி கிடையாது, பரிசுப் பணம் கிடையாது, கோப்பையில் ஒரு பெயர் உண்டு. அதற்கு அடுத்த வருடத்திலிருந்து புதுப் போட்டியை யார் எடுத்து நடத்துவது என்று கமிட்டி கூடிப் பேசட்டும். அப்போது அண்ணன் குறுக்கே நிற்க மாட்டார். இன்று வீட்டுக்குப் போகிறவர்கள் தயவுசெய்து அந்தப் பிளெக்ஸில் "நின்றுபோன" என்ற சொல்லைக் கிழித்துவிட்டுப் போங்கள்.

தவசி அண்ணே! நீங்கள் உட்கார வைத்த நடுவர் இன்னும் நாற்காலியை விட்டு இறங்கவில்லை.

ஆளுக்கு ஒரு செட். மூன்றாவது செட்டில் ஆளுக்கு மூன்று கேம். சர்வீஸ் தேவாரம் வினோத்குமார்.

தம்பி, பந்தைத் தூக்கிப் போடு.