மணிக்குப் பன்னிரண்டு டஜன்

— வந்துட்டுப் போயிட்டாரா... என்ன மேரி சொல்றே?

— பதினொரு மணிக்கே வந்துட்டாரு. நீங்க ரயிலடியில நின்னுக்கிட்டிருந்தா அதுக்கு நான் என்ன பண்றது?

— காலையிலேந்து நிக்கிறேன். திருச்சி வண்டியும் வந்துச்சு, மானாமதுரை வண்டியும் வந்துச்சு. மாலை வாடிப்போய், கடைசியில ஒரு மாடு வந்து தின்னுட்டுப் போச்சு.

— மாடாவது மரியாதையா வாங்கிக்கிச்சே.

— கேலி இருக்கட்டும். சர்க்கார் தொழில் ஆபீசரு திருச்சிலேந்து வாராரு, நம்ம சோடாக் கம்பெனிக்குக் கரண்டு மோட்டார் குடுக்கலாமா வேணாமான்னு எழுத வாராரு... முதலாளி தைரியநாதன் நான் இல்லாம எப்படிப் பாத்தாரு?

— கண்ணாலதான்.

— மேரி...

— சட்டைப்பையிலேந்து ஒரு கடியாரத்த எடுத்தாரு. அமுக்குனா ஓடுது, திரும்ப அமுக்குனா நிக்கிது. கையால சுத்துற மெசின்ல மணிக்குப் பன்னெண்டு டஜன் போட்டுக் காட்டுனா மோட்டாருக்கு எழுதுவாராம். கொறைஞ்சா கெடையாதாம்.

— பன்னெண்டா... நம்ம ஒம்போதத் தாண்டுனதே இல்லையே. போச்சு. திருச்சிச் சோடா லாரியில வந்து எறங்குது. பொன்னமராவதிக் கடைக்காரங்க அத்தன பேருகிட்டயும், இந்தக் கோடையிலேந்து நம்ம சரக்குத்தான்னு வாய விட்டுட்டு வந்திருக்கேன்.

— நீங்க எப்ப வாய மூடி வச்சிருந்தீங்க?

— சரி... மெசின யாரு சுத்துனது?

— நாந்தான். பாட்டில் கழுவுற மருதாயியே தண்ணியும் ரொப்பிக் குடுத்துச்சு. மூணு பாட்டில மாட்டி, கதவ மூடி, சுத்துறேன். ஆபீசரு கிட்டக்க வந்து, ஏம்மா ஒங்க வாய் முணுமுணுக்குதுன்னு கேட்டாரு.

— சொல்லிட்டியா?

— மறைக்கிறதுக்கு என்ன இருக்கு? மாதாவுக்கு மூணு அருள் நிறைந்த மந்திரம் சொல்லி முடிச்சா கேஸ் சரியா ஏறும், கோலியும் கிண்ணுன்னு ஒக்காரும்னு சொன்னேன். அவரு கடியாரத்த அமுக்கி அமுக்கிப் பாத்தாரு. அடுத்த ஈடு, அதுக்கடுத்த ஈடு... ஒவ்வொரு தடவையும் முள்ளு அதே எடத்துலதான் நிக்கிதாம்.

— பின்ன... மாதா கோயில் ஊரு ஆவூர்ல பொறந்த வாயில்ல. பூசை வைக்கிற சாமியாரே முன்னப்பின்ன சொல்லுவாரு.

— மருதாயிக்கும் பாடமாயிருச்சுங்க. திருக்கோகர்ணத்து அம்மன் சந்நிதியில நின்னாலும் வாயில அதுதான் வருதுக்கான்னு சிரிக்குது.

— அம்மனுக்குக் கேஸ் ஏறாம இருந்தாச் சரி. அப்புறம்?

— ஆபீசரு ஒரு யோசனை சொன்னாரு. மூணு மந்திரத்த ரெண்டாக்குங்கம்மா, டஜன் தன்னால கூடும்னாரு.

— நல்ல யோசனையால்ல இருக்கு.

— மாட்டேன்னுட்டேன்.

— ஒரே ஒரு மணி நேரந்தானே மேரி... மாதா கோவிச்சுக்க மாட்டாங்க.

— மாதா கோவிச்சுக்க மாட்டாங்க, குடிக்கிறவன் கோவிச்சுக்குவான். மூக்குல ஏறாத சோடாவுக்கு நம்ம பேரு எதுக்குங்க? ரெண்டு மந்திரத்துல ஒரு பாட்டில், மூணு மந்திரத்துல ஒரு பாட்டில் போட்டு அவரு கையிலயே குடுத்தேன். நீங்களே குடிச்சுப் பாருங்கன்னேன்.

— குடிச்சாரா?

— மொதல் பாட்டிலுக்கு ஒண்ணும் சொல்லல. ரெண்டாவதுக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு. தொடச்சுக்கிட்டே, மூணே இருக்கட்டும்மான்னாரு.

— ம்... நெனச்சாப் பெருமையாத்தான் இருக்கு. ஆனா மோட்டார் போச்சு. ஒம்போது டஜன வச்சுக்கிட்டு என்ன பண்றது...

— பதினாறு.

— எது பதினாறு?

— டஜன். ஒரு மணி நேரத்துல. ஒடஞ்ச ரெண்டு பாட்டிலக் கழிச்சு.

— அது எப்படி... அதே மெசினு. அதே மூணு மந்திரம்...

— எல்லாம் அதேதான். ஒண்ணுதான் இல்ல.

— எது?

— நீங்க.

— நானா?

— ஏங்க, கோவமா?

— இல்ல, யோசிக்கிறேன். நான் என்ன மெசினக் கட்டியா புடிச்சுக்கிட்டு நிக்கிறேன்?

— நீங்க தண்ணி ரொப்புன பாட்டில ஒவ்வொண்ணா வெளிச்சத்துல தூக்கிப் புடிச்சுப் பாப்பீங்க. வாசல்ல போறவரு என்னண்ணே சேதின்னுவாரு. சித்தன்னவாசல் பாக்க வந்த வெள்ளக்காரன் நம்ம சோடாவக் குடிச்சுட்டுத் தொப்பியக் கழட்டுனானே, அந்தக் கதைய எடுப்பீங்க. மெசினு வாயப் பொளந்துக்கிட்டு நிக்கும். மாட்டப் பாட்டில் இல்லாம நான் சும்மா செபம் பண்ணிக்கிட்டு நிப்பேன்.

— அது நடந்த கதைதானே.

— நடந்த கதைதான். வாரத்துக்கு நாப்பது தடவ நடக்குது.

— ஆக, நம்ம கம்பெனி வளரணும்னா என்னய நாலு ஊருக்கு அங்கிட்டுக் கொண்டுபோய்க் கட்டிப் போடணும். அஞ்சு வருசத் திட்டம் போட்டவங்களுக்கு இது தோணாமப் போச்சே.

— ஆபீசரு அப்படி எழுதலைங்க. மோட்டார் குடுக்கலாம்னுதான் எழுதுனாரு. இந்தா, இங்கிட்டு ஒக்காந்து, என் கண்ணு முன்னால.

— மெய்யாவா மேரி... எழுதிட்டாரா?

— கையெழுத்தும் போட்டாரு. மோட்டார் வந்தா ஒங்க கைக்கு நாப்பது டஜன் கூடப் போடலாம் முதலாளியம்மான்னாரு. வந்ததுலேந்து முதலாளியம்மா, முதலாளியம்மான்னுதான் பேச்சு. எனக்குக் கூச்சமாப் போச்சு.

— மரியாதை தெரிஞ்ச மனுசன்.

— ஏங்க... ஒண்ணு சொல்லுவேன், திட்டக் கூடாது.

— திட்டுற நாளா இது? சொல்லு.

— போன வாரம் ஆபீஸ்லேந்து வந்த காயிதம்... ஒங்க கண்ணாடி ஒடஞ்சு கெடந்துச்சுன்னு நாந்தானே படிச்சுச் சொன்னேன்.

— ஆமா. ரயில்ல வாராருன்னு.

— அதுல பஸ்ஸுன்னுதான் போட்டிருந்துச்சு. நீங்க இருந்தா அவருகிட்டயும் தொப்பிக் கதைய ஆரம்பிச்சிருவீங்க, கடியாரம் பாட்டுக்கு ஓடிக்கிட்டிருக்கும்னு... நாந்தான் ஒங்கள ரயிலடிக்கு அனுப்பிவிட்டேன். அதான் மனசு உறுத்துது.

— உறுத்த வேணாம். அந்தக் காயிதத்த அன்னைக்கே பக்கத்து வீட்டு வாத்தியார்கிட்டக் குடுத்து நானும் படிச்சுக்கிட்டேன். ரயிலடிப் பக்கமே போகல, மாலையும் வாங்கல, மாடும் திங்கல. பஸ் ஸ்டாண்டுல நின்னு அவர எறக்கி, ஜட்கா வண்டியில ஏத்திவிட்டு, கம்பெனியும் மேரியம்மாவோடது, சோடாவும் அவுங்க கைச் சோடா, நான் அங்க பாட்டிலுக்குத் தண்ணி ரொப்புற ஆளுங்கன்னு சொல்லி அனுப்பிவச்சதே நாந்தான்.